உள்ளே போகிறவனின் விசில்

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் தாராவிக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. தகரக் கூரைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. மாரிக்கண்ணன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, சாக்கடைக்கு மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டி, பேராச்சியின் வீட்டு வாசலில் நின்றான். மாலை நாலரை மணிதான். ஆனாலும் அந்தச் சந்தில் யாராவது விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்தால்தான் வெளிச்சம்.

பதினொரு மாதமாக அவன் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பேராச்சியின் கணவர் பிரம்மநாயகத்தின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு தொண்ணூறடிச் சாலையில் அவள் எதிரே வருவதைக் கண்டால், பக்கத்துக் கடைக்குள் நுழைந்து வேண்டாத சாமானுக்கு விலை கேட்டுக்கொண்டு நிற்பான். இன்று அவளே போன் செய்து கூப்பிட்டாள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

"வா மாரி. நனைஞ்சிட்டியே. உள்ள வந்து உக்காரு," என்றாள் பேராச்சி.

ஒற்றை அறை. மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் படுக்கை நனையக் கூடாதென்று இரும்புக் கட்டிலைச் செங்கல் அடுக்கித் தூக்கி வைத்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் இட்லி மாவு வாளிகள். அறை முழுக்கப் புளித்த மாவின் வாசம். சுவரில் பிரம்மநாயகத்தின் படம். படத்துக்குக் கீழே ஓர் ஆணி. ஆணியில் சிவப்புக் கயிறு கட்டிய பித்தளை விசில்.

அதைப் பார்க்காதபடி உட்கார மாரிக்கண்ணன் ஓர் இடம் தேடினான். பத்தடி அறையில் அப்படி ஓர் இடம் கிடையாது.

அந்த விசிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரம்மநாயகமும் மாரிக்கண்ணனும் பார்த்தது ட்ரெய்லர் வேலை. டிராம்பே பக்கத்து எண்ணெய் ஆலைகளுக்கு இரண்டு பேருந்து நீளமுள்ள இரும்புக் கலன்களை ஏற்றிக்கொண்டு, சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகும் வண்டி. ஓட்டுகிறவருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. காதை நம்பித்தான் ஓட்டுவார். நீளமாக ஒரு விசில் என்றால் வா. குட்டையாக இரண்டு என்றால் நில். பிரம்மநாயகம் மூங்கில் கழியோடு முன்னால் நடந்து, குறுக்கே தொங்கும் கம்பிகளைத் தூக்கிவிடுவார். மாரிக்கண்ணன் பின்னால் நின்று விசில் ஊதுவான்.

சரிவில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கவும், பிறகு அதை எடுக்கவும் ஒருவர் கலனுக்கு அடியில் போக வேண்டும். அதற்கென்று ஒரு முறை உண்டு. ஒரு வண்டிக்கு ஒரே விசில். உள்ளே போகிறவன் அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டுதான் போவான். அவன் வெளியே வரும்வரை யாராலும் 'வா' என்று ஊத முடியாது. வேலை முடிந்ததும் வெளியே நிற்பவன் குனிந்து, "வண்டி நின்னிருக்கு, வாங்க" என்று சொல்லிக் கையை நீட்டுவான். உள்ளே இருப்பவன் அந்தக் கையைப் பிடித்து எழுந்து வந்து, விசிலை அதே கையில் வைப்பான். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத முறை இது. இருபது வருஷம் பிரம்மநாயகத்தை உயிரோடு வைத்திருந்தது.

கெடுத்தது எச்சில். பிரம்மநாயகம் புகையிலை போடுவார். அவர் வாயிலிருந்து வரும் விசில் ஈரமும் சூடும் காரல் வாடையுமாக இருக்கும். மாரிக்கண்ணன் அதைச் சட்டையில் தேய்ப்பான், கழுவுவான், மறுபடி தேய்ப்பான். அப்படியும் வாயில் வைத்தால் குமட்டும். அண்ணாச்சியிடம் சொல்ல முடியுமா? ஊரிலிருந்து வந்தவனைக் கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்டவரே அவர்தான். எனவே யாருக்கும் தெரியாமல் மஞ்சள் பிளாஸ்டிக் விசில் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மூன்றே நாள்தான் அது அவன் பையில் இருந்தது.

போன ஆகஸ்டில் ஒரு விடிகாலை. மாஹுல் சாலையில், ஆலை வாசலுக்கு முந்தைய கடைசித் திருப்பம். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கட்டை எடுக்கப் பிரம்மநாயகம் பித்தளை விசிலோடு அடியில் போனார். பின்னால் முதல் பேருந்துகள் ஹாரன் அடித்தன. காவலர் ஒருவர் தடியால் கலனைத் தட்டி, எடு எடு என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள் வண்டிக்கு முன்னால் நடந்து போவதை மாரிக்கண்ணன் கண்டான். அண்ணாச்சி போட்டிருந்ததும் அதே மாதிரிக் கோட்டுதான்; அவர் வெளியே வந்துவிட்டார் என்று நினைத்தான். அது ஆலை வாட்ச்மேன்.

மாரிக்கண்ணன் மஞ்சள் விசிலை எடுத்து நீளமாக ஊதினான்.

சக்கரங்கள் உருண்டன. அப்போது அடியிலிருந்து குட்டையாக இரண்டு விசில் கேட்டது. மழையிலும் எஞ்சின் சத்தத்திலும் ஓட்டுநர் தௌஃபீக் காதில் அது விழவில்லை. மாரிக்கண்ணன் காதில் மட்டும் விழுந்தது.

அன்று காலையே மஞ்சள் விசில் மாஹுல் கழிமுகத்தில் போய் விழுந்தது. போலீஸ் வந்தபோது பித்தளை விசில் இறந்தவரின் பற்களுக்கு நடுவில் இருந்தது. விசில் கேட்டுத்தான் எடுத்தேன் என்று தௌஃபீக் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அவரை உள்ளே வைத்தார்கள். பேராச்சி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். காப்பீட்டுக் கம்பெனி அதற்கு எழுதிய பதில் இதுதான்: வண்டிக்கு ஒரே விசில், அது இறந்தவரின் வாயில் இருந்தது, ஆகவே 'வா' என்று ஊதியவரும் அவரேதான், அநேகமாகக் குடித்திருந்தார்.

நாளைக்கு அந்த வழக்கில் மாரிக்கண்ணன் சாட்சி, கம்பெனி பக்கத்துச் சாட்சி. ட்ரெய்லர் சூப்பர்வைசர் கேஷவ் அவன் தோளில் கைபோட்டு, "ஏக் ஹீ ஸீட்டி தீ. பஸ், இத்னாஹீ போல்னேகா," என்று பாடம் சொல்லியிருந்தார். ஒரே விசில்தான் இருந்தது, அவ்வளவு சொன்னால் போதும். வேலையும் இருக்கும், போலீசும் வராது.

பேராச்சி துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள்.

"போலீஸ்ல எழுதிக் குடுத்து வாங்கிட்டு வந்தேன். நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு வரணுமாம்," என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒண்ணு சொன்னா என்னக் கிறுக்கின்னு நெனைக்கப்பிடாது. அத நான் தெனமும் தொடச்சு மாட்டுதேன். மறுவாட்டிப் பாத்தா ஈரமா இருக்கு."

"மழக்காலம்லா மைனி. எல்லாந்தான் நமுத்துப் போவும்."

"ஏப்ரல் மாச வெயில்லயும் அப்படித்தான் இருந்துது."

மாரிக்கண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"உன்னக் கூப்பிட்டது அதுக்கில்ல. ஒண்ணு கேக்கணும். வக்கீல்ட்ட கேக்க வெக்கமா இருக்கு." பேராச்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "முந்தின நாள் எங்களுக்குச் சண்ட. இந்த வண்டி வேல வேண்டாம், மாவு யாவாரத்தப் பாப்போம்னு நான் சொன்னேன். அவிய கேக்கல. ஆத்திரத்துல, அப்ப போயி அந்த வண்டிக்கு அடியிலயே கெடங்கன்னு சொல்லிட்டேன். சாப்பிடாமப் போனாவ." அவள் நிறுத்தி மூச்சு விட்டாள். "நீ பக்கத்துல நின்ன. நீ சொல்லு மாரி. அவிய வேணும்னேதான் ஊதுனாவளா?"

பணம் கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை. பதினொரு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்விதான். ஒரே வார்த்தையில் அதைத் தீர்த்துவைக்கக்கூடியவன் எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவி, துண்டை நாலாக மடித்துக்கொண்டிருந்தான்.

"இரு, டீக்குப் பால் வாங்கிட்டு வாரேன்," என்று அவளே எழுந்து, செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போயிற்று. மின்விசிறி ஒவ்வொரு சுற்றாகத் தளர்ந்து நின்றது. சந்தில் யாரோ மின்சாரக் கம்பெனியைத் திட்டினார்கள். காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மழை மறுபடி தகரத்தில் இறங்கியது. அறையில் அவன் கையே அவனுக்குத் தெரியவில்லை.

முதலில் வாசம் மாறியது.

புளித்த மாவு வாசம் மெல்ல விலகி, அதற்குள்ளிருந்து டீசல் வந்தது. நனைந்த இரும்பு வந்தது. கடைசியில், மிக அருகில், புகையிலை.

விசிலுக்குள் ஒரு சிறு மணி இருக்கும். ஊதாமல் வெறுமனே மூச்சு விட்டாலே அது உருளும். அந்த மணி உருளும் சத்தம் கேட்டது. ஆணிப் பக்கமிருந்து அல்ல.

கட்டிலுக்கு அடியிலிருந்து.

மாரிக்கண்ணன் செல்போனைத் தேடி எடுத்து விளக்கைப் போட்டான். ஆணியில் விசில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கித் தரையில் விழுந்தது. கட்டிலடியில் மணி இன்னும் உருண்டுகொண்டிருந்தது. கனமான எதையோ நெஞ்சில் தாங்கிக்கொண்டு மூச்சு விடுகிற ஆளின் மூச்சு.

பிறகு குட்டையாக இரண்டு.

சத்தமாக அல்ல. பக்கத்தில் தூங்குகிறவர்கள் விழித்துவிடக் கூடாதென்று ஊதுவதுபோல் மெல்ல. நில், நில்.

மாவு வாளிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. நான்கு விரல்கள் தரையைத் தொட்டன. உள்ளங்கை மேலே திரும்பிற்று. பிடிக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. யாராவது பிடித்துத் தூக்குவார்கள் என்று அது பாட்டுக்குக் காத்திருந்தது.

அந்தக் கையை மாரிக்கண்ணனுக்குத் தெரியும். எத்தனையோ தடவை பிடித்துத் தூக்கியிருக்கிறான்.

"அண்ணாச்சி," என்று சொல்ல வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. கை காத்திருந்தது. அவனால் தன் கையை நீட்ட முடியவில்லை.

கதவு திறந்தது. பேராச்சி பால் செம்போடு நின்றாள். அதே நேரம் மின்சாரமும் வந்தது. கட்டிலுக்கு அடியில் வாளிகள் மட்டும்தான் இருந்தன. சிமெண்டுத் தரையில் நான்கு விரல்களின் ஈரத்தடம். பேராச்சி அதைக் கண்டாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. டீ வேண்டாம் மைனி என்று உளறிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் கையில் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி ஓடினான்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவனைக் கூண்டில் ஏற்றினார்கள். விபத்து வழக்குகளை மட்டும் பார்க்கிற நீதிமன்றம் அது. பெஞ்சுகளில் கட்டுப் போட்டவர்களும் ஊன்றுகோல் வைத்தவர்களும் போட்டோவை மடியில் வைத்திருந்த பெண்களுமாக இருந்தார்கள். பேராச்சியின் வக்கீல் பஞ்சு, மாட்டுங்காக்காரர், எழுபது வயது. இன்றைக்கு வழக்கு தோற்றுவிடும் என்று முடிவு கட்டியவர்போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி வக்கீல் கேட்டபடி பித்தளை விசிலைச் சான்றுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். குமாஸ்தா அதைக் காகிதத்தில் சுற்றப் பார்த்தார். காகிதம் நனைந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு வேறு காகிதம் எடுத்தார். அதுவும் நனைந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைத் தடித்த கவருக்குள் வைத்து, அரக்கு உருக்கி முத்திரை குத்தி, எண் எழுதித் தன் மேஜைமேல் வைத்தார்.

"அந்த வண்டியில் எத்தனை விசில் இருந்தது?" என்று கம்பெனி வக்கீல் இந்தியில் கேட்டார். பதிலை எழுதிவிட்டு அடுத்த வழக்குக்குப் போகிற அவசரம் அவருக்கு.

கேஷவ் கடைசிப் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேராச்சி பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள்.

அரக்கு வைத்த கவருக்குள் சிறு மணி உருண்டது.

"ரெண்டு," என்றான் மாரிக்கண்ணன்.

இதைச் சொன்னால் உன்மேலேயே வழக்கு வரலாம், தெரியுமா என்று நீதிபதி கேட்டார். தெரியும் என்றான். எச்சிலில் ஆரம்பித்தான். மஞ்சள் விசில், மழைக்கோட்டு, வாட்ச்மேன், கழிமுகம் எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் கம்பெனி வக்கீல் எழுந்து, இவன் இறந்தவரின் ஊர்க்காரன், அவர் பெண்டாட்டியோடு பேசிவைத்துக்கொண்டு சொல்கிறான் என்றார். மாரிக்கண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. பேராச்சியைப் பார்த்துத்தான் சொன்னான். இந்தியில் ஆரம்பித்தது எப்போது தமிழாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

"வான்னு ஊதுனது நான்தான் மைனி. அண்ணாச்சி இல்ல. சக்கரம் உருண்ட பெறவு அவிய ஊதுனாவ. நில்லுன்னு ஊதுனாவ. என் காதுல விழுந்துது."

வெளியே தாழ்வாரத்தில் பஞ்சு வக்கீல் அவனைப் பிடித்து நிறுத்தினார். "ஏண்டாப்பா, பதினோரு மாசமா இதை வயத்துலயா வெச்சுண்டிருந்தே? அந்த டிரைவர் ஜெயில்ல கிடந்தானேடா." திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வழக்கு இனி நிற்கும் என்றும் சொன்னார். கேஷவ் போனில் யாரிடமோ பேசியபடி, இவன் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போய்விட்டார். வேலை போயிற்று என்பதைத் தனியாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேராச்சி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ரெண்டு வாட்டியா ஊதுனாவ?" என்று கேட்டாள்.

"ரெண்டு வாட்டி மைனி."

"நில்லுன்னு?"

"நில்லுன்னுதான்."

அப்போதுதான் அவள் அழுதாள். பதினாறாம் நாள்கூட இப்படி அழவில்லை. சாக விரும்பாத மனுஷனுக்காக அழுகிற அழுகை அது. கூண்டுக்குப் போகக் காத்திருந்த பெண்கள் தங்கள் போட்டோக்களை அணைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

அழுது முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உன்ன நான் மன்னிக்கமாட்டேன் மாரி. இந்தச் சென்மத்துல முடியாது," என்றாள். "அந்த எடத்த மட்டும் காட்டு."

செம்பூரில் ரயிலிறங்கி மாஹுல் பேருந்து பிடித்தார்கள். மூன்று மணி. தூறல். சாலையின் ஒரு பக்கம் ஆலைச் சுவர், மறுபக்கம் கழிமுகத்துச் சேறு. ஒரு டேங்கர் லாரி போனதும் அந்தத் திருப்பம் காலியாகக் கிடந்தது. இங்கேதான் என்று மாரிக்கண்ணன் காட்டினான். பேராச்சி குனிந்து தார்ச்சாலையைப் பார்த்தாள்.

அவனுக்கு நேற்று நீண்ட கை ஞாபகம் வந்தது. உள்ளே போனவனை வெளியே நிற்பவன்தான் கூப்பிட வேண்டும். அண்ணாச்சியை யாருமே கூப்பிடவில்லை. இந்தப் பதினொரு மாதமும் அவர் வண்டி நின்றதா இல்லையா என்று தெரியாமல் ஊதிக்கொண்டே கிடந்திருக்கிறார். சாலையோரம் மண்டியிட்டான். குனிந்து, ஈரத் தாருக்குப் பக்கமாகக் கையை நீட்டினான்.

"அண்ணாச்சி. வண்டி நின்னிருக்கு. வாங்க."

ஒன்றும் நடக்கவில்லை. மழைத்தண்ணீர் விரலிடுக்குகளில் ஓடியது. சைக்கிளில் போன ஒருவர் குடிகாரன் என்று நினைத்து ஒதுங்கிப் போனார். கை வலிக்கும்வரை அவன் நீட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் பேராச்சிதான், "எந்திரி, பஸ் வருது," என்றாள்.

பேருந்தில் கூட்டமில்லை. இருவரும் ஒரே இருக்கையின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கண்டக்டர் முன்னால் நின்று டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். மாரிக்கண்ணன் சில்லறைக்காகச் சட்டைப்பையில் கையை விட்டான்.

பையில் சில்லறையைத் தவிர வேறெதுவோ இருந்தது.

அவன் கையை எடுக்கவில்லை. விரல்கள் முதலில் கயிற்றைத் தொட்டன. பிறகு உலோகத்தை. சூடாக இருந்தது. இப்போதுதான் ஒரு வாயிலிருந்து எடுத்துக் கொடுத்த சூடு. ஈரம் சட்டைத்துணியில் இறங்கி நெஞ்சில் பட்டது.

அரக்கு முத்திரை வைத்த கவர் கோர்ட்டில் இருக்கிறது. இரண்டு மணிக்கு அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியதை அவன் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

பேராச்சி மெல்ல நிமிர்ந்தாள். முன் இருக்கையைப் பார்த்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"மாரி," என்றாள் ரகசியமாக. "போயில வாட அடிக்கி."

அவன் கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினான். சிவப்புக் கயிறு. பித்தளை. வாய்ப்பகுதியில் பழுப்பு நிற எச்சில் பளபளத்தது.

மாரிக்கண்ணன் அதைத் துடைக்கவில்லை.